கொய்யா இலைக்குப் போனவர்

அண்ணாவுக்கு நான் முதன்முதலில் கற்றுக்கொடுத்த சிங்கள வசனம் 'படே யனவா'. வயிற்றால் போகிறது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த மனிதருக்கு 'என்ன விலை', 'நன்றி' என்று தொடங்கியிருக்கலாம்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து என் தலையில் குட்டியே வளர்ந்தவர் அவர். பதிலுக்குக் குட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வருமா? "இதுதான் இஞ்சத்தைய வணக்கம்" என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் காலை பேக்கரிப் பாணோடு கீழே வந்த பாண்காரரிடம் அண்ணா மிகுந்த மரியாதையுடன் அதைச் சொன்னார். பாண்காரர் இரண்டு றாத்தல் பாணைக் கொடுத்து, கொய்யாக் கொழுந்தை அவித்துக் குடிக்கும்படி கைச்சாடையில் விளங்கப்படுத்திவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். விஷயம் தெரிந்ததும் அண்ணா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. அம்மா எனக்குத் துணையாக வந்தார். அப்பா ஊரில் வீட்டுக்குத் துணையாக நின்றார். அண்ணா வெளிநாட்டு விசாவுக்காக வந்தவர். 'ஒரு மாசத்து வேலை' என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அவருடைய மாசம் எட்டாவது மாசத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வந்த இரண்டாம் மாதம் ஒரு சுற்றிவளைப்பில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவு இருந்தது, பிறந்த இடம் மட்டும் சரியில்லை. இரண்டு நாள் கழித்து விட்டார்கள். வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். அன்றைக்கே அம்மா அவருடைய செருப்பைக் கழுவி, பேப்பரில் சுற்றி, அலுமாரியில் தன் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். வாசலில் ஆம்பிளைச் செருப்புக் கிடந்தால் வீட்டில் இளந்தாரி இருப்பது தெரிந்துவிடுமாம். பொலிசிலேயே பெயர் பதிந்திருக்கிற ஆளைச் செருப்பை ஒளித்து எப்படி ஒளிப்பது என்று நான் கேட்டேன். "நீ வாயை மூடு" என்றார் அம்மா.

யாராவது மறித்தால் அசையாமல் நிற்க வேணும், சிரிக்கக் கூடாது; அதைவிட, வெளியே போகவே கூடாது. முதலில் அது அம்மாவின் சட்டமாக இருந்தது. பிறகு அண்ணாவின் பழக்கமாகிவிட்டது. மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கதிரையில், மடியில் ஒரு புத்தகம். காலையில் நான் போகும்போது இருந்த பக்கம்தான் மாலையில் வரும்போதும் இருக்கும். எங்கள் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு தொடர்மாடி எழும்பியிருந்ததால் கடலின் சத்தம் மட்டும்தான் வரும். "கீழ கடை வரைக்குமாவது வாங்கோ" என்று கூப்பிட்டால், "ஏன், நீ இருக்கிறாய்தானே" என்பார். ஊரில் ஒரு நாளைக்கு இருபது மைல் சைக்கிள் மிதித்த மனிதர். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயத்தில்தான் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் எங்கள் ஆய்வுகூடத்தில் குச்சிப்பூச்சிகள் அளவுக்கு மீறிப் பெருகின. பார்த்தால் காய்ந்த ஈர்க்கு. தொட்டால் செத்ததுபோல விழுந்து கிடக்கும். காற்றடித்தால், தானும் ஒரு சுள்ளிதான் என்று காட்ட, இலையோடு சேர்ந்து ஆடும். ஆறு குஞ்சுகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து அண்ணாவிடம் கொடுத்தேன். "உங்கடை ஆக்கள் வந்திருக்கினம். நாள் முழுக்க அசையாமல் இருப்பினம். நல்லாப் பழகலாம்."

என்னை முறைத்தார். ஆனால் அன்றைக்கே பழைய நுளம்புவலையைக் கிழித்து, மண்ணெண்ணெய்ப் பெட்டியின் சட்டத்தில் கட்டி, அதற்குள் தண்ணீர்ப் போத்தலும் கொய்யாக் கிளையுமாக ஒரு வீடு செய்துவிட்டார். பூச்சி தவறிப் போத்தலுக்குள் விழாமல் வாயைப் பஞ்சால் அடைத்தார். பெயர்களும் வைத்தார். எல்லாம் ஊருக்குப் போகும் ரயிலின் ஸ்டேஷன்கள். அந்த ரயில் ஓடாமல் விட்டு வருஷக்கணக்கு. இங்கே எங்கள் வீட்டில் மாங்குளமும் பளையும் ஒரே கிளையில் தொங்கின. "கொடிகாமம் தோல் கழட்டுது, ஒருத்தரும் ஆட்டாதேங்கோ" என்று அண்ணா அறிவித்தால் நாங்கள் மேசைப் பக்கம் போகக் கூடாது. கொடிகாமம் தலைகீழாகத் தொங்கிக் கழற்றிய தோலைத் தானே தின்று முடிக்கும். வந்த சில நாளிலேயே சாவகச்சேரியின் ஒரு கால் போய்விட்டது. அடுத்தடுத்த தோலுரிப்பில் மெல்லியதாக ஒரு கால் முளைத்தபோது, பாயாசம் வைக்கலாமா என்று அண்ணா கேட்டார். அவர் பகிடி விட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. எல்லாம் பெட்டைகள், ஆணில்லாமலே முட்டையிடும் என்று நான் விளக்கியதும் அருவருப்பு இரட்டிப்பாகியது. விதைகள் போன்ற முட்டைகள் பெட்டிக்கடியில் உதிர்வதைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளை இல்லாமல் குடும்பம் நடத்திற கெட்டித்தனத்தைப் பார்" என்றார். "நீங்கள் மட்டும் என்னவாம்? அப்பா அங்கை, நீங்கள் இஞ்சை" என்றேன். அகப்பையைத் தூக்கினார். ஆனால் அடுத்த நாள் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தது அவர்தான்.

இலைக்குப் பொறுப்பு நான். பாடசாலை மதிலோரம் ஒரு கொய்யா மரம் நின்றது. இரண்டு நாளைக்கொரு முறை ஒரு கிளை முறித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு கிழமை எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழும்பவில்லை. போத்தலில் இலை சருகாகிவிட்டதை நான் பார்க்கவில்லை. அண்ணா பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் போல விழித்துத் தண்ணீர் கேட்டேன். பதில் இல்லை. கதிரையில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. குசினியில் இல்லை, குளியலறையில் இல்லை. பெட்டிக்குள் பசியில் மாங்குளம் பளையின் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. வாசலில் என் நீலச் செருப்பையும் காணவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

அம்மா வந்தார். திருநீற்றை என் நெற்றியில் பூசப்போன கை பாதியில் நின்றது. "தம்பி எங்கை?" என்றார். எனக்குத்தான் அண்ணா, அம்மாவுக்கு அவர் எப்போதும் தம்பி. சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, படியைப் பார்த்தபடி நிலத்தில் இருந்தார். இந்தப் பூச்சிகளைக் கொண்டுவந்தவள் நான். பூச்சி வளர்க்கப் போய் அண்ணனைத் தொலைத்தவள் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டி வருமோ என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் போனது. இன்னொன்றும் போனது. அம்மா எழும்பி, பொலிசுக்குக் கொண்டுபோகப் பதிவுத் துண்டைத் தேடத் தொடங்கினார்.

அப்போது படியில் என் செருப்பின் சத்தம் கேட்டது.

முதலில் கொய்யாக் கிளை வந்தது. பின்னால் அண்ணா. உடுத்திருந்த சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. நேரே பெட்டிக்குப் போய்ப் போத்தலில் கிளையைச் செருகினார். பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"பாமன்கடைப் பக்கம் ஒரு வீட்டில மரம் நிண்டது. கேட்டு முறிச்சனான்" என்றார். திரும்பி வரும்போது காலி வீதிச் சந்தியில் மறித்திருக்கிறார்கள். "அம்மா சொன்ன மாதிரி அசையாமல் நிண்டன், சிரிக்கேல்லை. என்ன கிளை எண்டு கேட்டான். எனக்குச் சிங்களம் எல்லாம் மறந்து போச்சு. ஒண்டே ஒண்டுதான் வாயில வந்தது."

"என்ன?" என்றேன், தெரிந்துகொண்டே.

"படே யனவா."

பொலிஸ்காரர் கிளையைப் பார்த்தார். வேர்த்து ஒழுகிய முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவசரத்தில் மாட்டிய, பூவைத்த நீலப் பெண்பிள்ளைச் செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்து, அடையாள அட்டையைக் கையில் திணித்து, "துவன்ன, துவன்ன" என்று விரட்டியிருக்கிறார்கள். ஓடு, ஓடு என்று.

"ஓடத்தானே வேணும். ஓடினன். ஓடின ஓட்டத்தில வீட்டைத் தாண்டிக் கடற்கரைக்குப் போயிட்டன். வந்தது வந்தாச்சு எண்டு காலை நனைச்சுப்போட்டு, கல்லில கொஞ்ச நேரம் இருந்தனான்."

"எவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டார்.

அண்ணா திரும்பிப் போத்தலில் கிளையை நேராக்கினார். எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சல் இறங்கியே போயிருக்கும். நாங்கள் இங்கே செத்துக்கொண்டிருக்க, இவர் கடல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு குட்டுக் குட்டலாம் என்று கையைக்கூட ஓங்கினேன். அவருடைய காலில் மணல் ஒட்டியிருந்தது. செருப்பைப் பூட்டிய நாளிலிருந்து அவர் வெளியிலிருந்து தனக்கென்று கொண்டுவந்த முதல் சாமான் அதுதான். கையை இறக்கிவிட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, சோறு போடப் போனார். அண்ணா நிறையச் சாப்பிட்டார். சாவகச்சேரி புதுக் காலை இலையில் ஊன்றி, விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கியது.

அடுத்த நாள் காலை பாண்காரரின் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் அம்மாவின் செருப்பு, ஒரு வார் அறுந்துபோன என் நீலச் செருப்பு, அவற்றுக்குப் பக்கத்தில் அலுமாரியிலிருந்து எடுத்த அண்ணாவின் செருப்பு. பேப்பர் மைகூட அழியாமல் வாரில் ஒட்டியிருந்தது. குசினிக்குள்ளிருந்து அம்மா, "தம்பி, இரண்டு றாத்தல் வாங்கிக்கொண்டு வா" என்றார்.