உடைய வேண்டிய கப்ளர்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சமையல் மேடையில் முதலில் கண்ணில் பட்டது, மிக்சியைச் சுற்றி மிளகுத்தூள்போல் சிதறிக் கிடந்த கறுப்புத் தூள். அம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, "கப்ளர் பூட்ச்சி" என்றார். ஜாரை மோட்டாரோடு இணைக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ரப்பர்ப் பல்சக்கரத்துக்கு அதுதான் பெயர்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. மிக்சி என்னைவிட மூத்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன் ஆர்.கே.பேட்டையிலிருந்து பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சீர். மறுவருடமே அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் கைபட்ட பொருளாக எங்கள் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான், அடித்தகட்டில் ஆணியால் அவரே கீறிய அம்மாவின் பெயரோடு.

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் கேட்ட இடத்திலெல்லாம் "அந்தக் கம்பெனியே இப்ப இல்லம்மா, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்க" என்றார்கள். அம்மா மிக்சியைத் துணிப்பையோடு திரும்பத் தூக்கிவந்து நைனாவின் முன்னால் வைத்தார். நைனா, அதாவது என் அப்பா, தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் டர்னர்.

"ஊருக்கெல்லாம் ஸ்பேர் பண்ணிக் குடுக்கற. ஊட்டுக்கு ஒண்ணு பண்ண மாட்டியா?"

"பண்றேன்மே. நீ கெழவியானாகூட அது ஓடும், பாரு."

ஐந்து நாள் சாப்பாட்டு இடைவேளைகளில், மிஞ்சிய பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து, ஆறு பற்களையும் அரத்தால் ராவி எடுத்து வந்தார். நகைபோல் மின்னிய அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்துகூட வந்தார்கள்.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள், சாம்பார் பொடிக்குப் போட்ட விரலி மஞ்சள் ஒன்று பிளேடில் சிக்க, மிக்சி உறுமி நின்று, அடியிலிருந்து புகை வந்தது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, சூடேறிக் கிடந்த அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நைனாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றி ‘காயில்’ கட்டும் பாய் பழவேற்காட்டுக்காரர், நைனாவின் சிநேகிதர். கழற்றிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"டர்னருங்க எல்லாம் இதே வேலதான்யா பண்றீங்க. சிக்கிக்கினா ஒடையட்டும்னுதானே அத்த ரப்பர்ல வச்சான்? நீ ஒடையாம பண்ட்ட. கப்ளருக்குப் பதிலா மோட்டார் பூட்ச்சி."

"காயில் கட்டினா ஓடுமா பாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஓடும் தங்கச்சி. ஆனா இந்த ஆளு இனிமே கெட்டியா எதுவும் பண்ணக்கூடாது."

நைனாவுக்கு அது எளிதாக இல்லை. உடையாத பொருளைச் செய்வதற்கென்றே பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவர், இப்போது நைலான் துண்டு ஒன்றைக் கடைந்துவிட்டு, கெட்டியாக இருக்கிறதென்று தாமே அதை ஒதுக்கி, இன்னொன்றை எடுத்துப் பற்களை மெலிதாக்கினார். காயில் கட்டிவந்த மிக்சியில் அதைப் பொருத்திய மூன்றாம் வாரம், மறுபடி மஞ்சள் சிக்கியது. பல் ஒன்று தெறித்து விழுந்தது. மோட்டார் நன்றாக இருந்தது. தெறித்த பல்லைத் தேடியெடுத்து, அம்மா நைனாவின் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நல்லாத்தான் ஒடைது உன் கப்ளரு. இன்னும் நாலு பண்ணி வையி."

புகை வந்த நாளுக்குப் பிறகு அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். நைனா நாலு செய்யவில்லை, பன்னிரண்டு செய்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார்.

அவர் வேலை செய்த பட்டறை இருந்த இடத்தில் இப்போது லாரிகளை நிறுத்துகிறார்கள். பாயின் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். நைனா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அம்மாவின் தலை முழுக்க நரைத்துவிட்டது, மிக்சி ஓடுகிறது. மஞ்சளை அவர் மில்லுக்குக் கொடுத்து அரைத்துக்கொள்கிறார், மிக்சியில் தேங்காய்ச் சட்னி மட்டும்தான். டப்பாவில் இரண்டு கப்ளர்கள் இருக்கின்றன.