மண்டபத்துக்குக் கொண்டுபோன ஐந்து பாட்டில்

ஊரில் என்னைப் பாட்டில்காரர் என்பார்கள். புதிதாகக் கேட்டவர்கள் அதற்கு வேறு அர்த்தம் செய்துகொண்டு எனக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: விருத்தாசலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஆண் நர்ஸ். வேலை நேரம் போக, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருவேன். கோடை வந்தால் கம்மாபுரம், மங்கலம்பேட்டை வரைக்கும் வண்டி ஓடும். வெயிலில் அசந்துபோனால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் ஏற்றினால்தான் தெம்பு வந்ததாக நம்புவார்கள். எந்தக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் வேறு.

அக்கா மகளுக்கு மே மாதம் கல்யாணம். நல்ல கத்திரி வெயில். மண்டபத்துக்குப் பின்னாலேயே பொம்மை சுடுகிற செராமிக் கொட்டகைகள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் நாமும் பொம்மையாக வெந்து பளபளத்துவிடுவோம் போலிருந்தது. இது தெரிந்துதான் ஐந்து பாட்டிலோடு போயிருந்தேன். மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, தாய்மாமன் சீர் தயார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் அதை யார் கேட்கப்போகிறார்கள்?

காலையில் கோயிலில் திருப்பலி தொடங்கும் முன்பே அக்காவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"பட்டுப் பொடவையோட மண்டபத்து பாத்ரூமுக்கு யாருடா போவறது? எல்லாம் முடியட்டும், குடிச்சிக்கறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அத்தனை பெண்களுக்கும் பின்கட்டில் ஒரே ஒரு கழிப்பறை, தரையெல்லாம் தண்ணீர், வெளியே வரிசை. அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் விசேஷத்துக்கு வரும்போதே தொண்டையைக் காயப்போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அக்கா பிரஷருக்கு, சிறுநீர் பிரிகிற மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? "எங்கக்கா ஒட்டகம், ஒரு வாரம் தாங்கும்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பந்தி ஆரம்பிப்பதற்குள் நான்கு பாட்டில் காலி. நான்கும் ஆண்களின் கையில் இறங்கியிருந்தது. அதில் இரண்டு பேருக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறே போதும். ஐந்தாவதுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து படுத்தார். முந்தின நாள் போட்டது இறங்காமல் அவருக்குத் தலைவலி. எழுந்து போய் மோர் குடிங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டு ஆள், முகம் கோணக்கூடாது. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தேன். அவர் என்னை மெச்சினார். நானும் பூரித்துப்போய் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பந்தி நடக்கும்போது அக்கா கதவருகே வந்து நின்றாள். அதுவரை சமையல்கட்டுக்கும் பந்திக்குமாக நடந்துகொண்டிருந்தவள். நிலையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் பாட்டில் இருக்குதாடா?" என்றாள்.

வேறு யாரோ விருந்தாளிக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"தீந்துபோச்சுக்கா. சம்பந்தி வூட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே எல்லாத்தையும் குடிச்சிட்டாங்க."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அவர் எதிரிலேயே இப்படிப் பேசலாமா என்பதுபோல் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, போய்விட்டாள். அந்த நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அந்த வெயிலில், அத்தனை பேர் நடுவில், பட்டுப்புடவையில் நின்றவள். அதைக் கண் பார்த்தது. வாய் ஓடிக்கொண்டிருந்ததால் புத்திக்குப் போய்ச் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா தரையில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகாததுபோல், கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தாள். ஈரத்துணி போடச் சொல்லிவிட்டு, சித்தப்பா கையிலிருந்து பாதி பாட்டிலைக் கழற்றி, புது ஊசி புதுக் குழாயோடு ஓடிவந்தேன். சுத்தமான வேலையில்லை, தெரியும். வலது கையில் குத்தினேன். நரம்பு இல்லை. இடது கையில் குத்தினேன். புறங்கையில் குத்தினேன். உள்ளே தண்ணீர் இருந்தால்தானே நரம்பு நிற்கும்? நாலாவது தடவை ஊசியை எடுத்தபோது அக்கா வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "வுட்டுடு தம்பி, வண்டி வந்துடுச்சு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். நின்றுபோன கிட்னி திரும்ப வேலை செய்யவே இல்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வரவேண்டிய நாளில் அந்த வராந்தாவில் உட்கார்ந்து பன் தின்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு மகள் என்னிடம் வந்தாள். கீழே விழுவதற்கு முன் அம்மா என் அறைக்கு வந்ததாக யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன மாமா கேட்டாங்க?"

"மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டா பாப்பா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கம்மா அப்படித்தான் மாமா. தனக்குன்னு ஒன்னு கேக்கத் தெரியாது."

அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்கிறாள். கேட்டாள், பாப்பா. வாழ்நாளில் ஒரு தடவை தனக்காகக் கேட்டாள், அதுவும் என்னிடம். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். மூன்று முறையும் காபி குடித்து, நாலு வேடிக்கை பேசி, அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.