சின்ன மணி கேட்கிற செட்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். பொறவு பேங்க் வாட்ச்மேன் வேலை. அதுவும் முடிந்து கைக்கு வந்த பணத்தில் மாடி எடுப்பார் என்று நினைத்திருந்தேன். பாட்டுக் கேட்கிற செட் வாங்கி வந்தார். ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. மாடி கடைசிவரை எடுக்கவில்லை.

"இம்புட்டுப் பணம் இதுக்குத் தகுமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, மத்த செட்டுல பாட்டு கேக்கும். இதுல பாட்டுக்குள்ள இருக்கிற சின்ன மணி கேக்கும்" என்றார்.

ஒரு நாயன ரெக்கார்டு வைத்திருந்தார். அதில் ஓர் இடத்தில் தவில் மூன்று தடவை அதிர்ந்து நிற்கும். அங்கேதான் அந்தச் சின்ன மணியாம். அப்போது அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி, "கேட்டியா?" என்பார்.

"கேட்டேன்" என்பேன்.

எனக்குக் கேட்டதே இல்லை. ராஜபாளையத்து மில்லில் முப்பது வருஷம் நூல் அறுந்த இடத்தை ஒட்டியவள் நான். உள்ளே இயந்திர இரைச்சலில் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது. வாயசைவை வைத்தே பேசிக்கொள்வோம், சண்டையும் போடுவோம். அந்தப் பழக்கத்தில் அவர் விரலைப் பார்த்துத் தலையாட்டினேன். காது போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வருஷம் போகப் போகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். எனக்காகத்தான் கூட்டுகிறாரோ என்று ஒரு சந்தேகம். அவரிடம் கேட்கவில்லை.

ஊரில் அவர் காதுக்கு ஒரு பேர் இருந்தது. செட்டியார்பட்டியிலிருந்துகூட ஆட்கள் புது ரெக்கார்டைக் கொண்டுவந்து, நல்லா இருக்கா என்று கேட்டுப் போவார்கள். கடைசி நாலைந்து வருஷம் அப்படி யாரும் வரவில்லை.

அவர் போய், வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. அதுவரை செட்டை யாரும் தொடவில்லை, அவர் வேட்டியைப் போட்டு மூடியே இருந்தது. நான் அழவில்லை. அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. மகள் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூப்பிட்டாள். அவள் வீட்டில் எனக்கே ஒரு கட்டில் போடத்தான் இடம். செட்டை விற்க வேண்டியதாயிற்று. நல்ல விலை போக வேண்டும், அதைவிட அவர் பேர் கெடக்கூடாது. அந்த இரண்டும்தான் எனக்கு.

மகள் வந்திருந்த அன்றைக்கு அவள் ஊர்க்காரர் ஒருவரே வாங்க வந்தார். இந்த மாதிரி செட்டுகளை வாங்கி விற்கிறவர், எங்கள் ஊரில் ரெக்கார்டு கேட்கிறவர்கள் எல்லாரையும் தெரிந்தவர்.

"ஐயா வச்சிருந்த செட்டுன்னா சோதிக்கவே வேண்டாம் ஆச்சி. சும்மா ஒரு தடவ கேட்டுட்டு எடுத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த நாயன ரெக்கார்டையே போட்டார். தரையில் வைத்திருந்த என் பாதத்தில் தவில் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. என் விரல் தானாக மேலே போனது.

"என்ன ஆச்சி?"

"மணி."

"மணியா? எனக்குக் கேக்கலியே."

அவர் பெட்டியருகே குத்தவைத்து, மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தார். அடுத்த பெட்டிக்கும் போனார்.

"ரெண்டுமே தீஞ்சு போச்சு ஆச்சி. சத்தத்தக் கூட்டிக் கூட்டி வச்சா இப்பிடித்தான் ஆகும். மணி, ஜால்ரா எதுவுமே இதுல வராது. போயி வருஷக்கணக்கு ஆகியிருக்கும் போல. ஐயாவுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?"

பீரங்கிப் பக்கத்தில் நின்ற காது. எனக்கு அது அப்போதுதான் தோன்றியது. அவரும் தவிலை எண்ணித்தான் விரல் தூக்கினாரா, எந்த வருஷத்திலிருந்து, தெரியாது. வந்தவர் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்வி இன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விடும்.

"அவிய இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. போன மாசம் நாந்தான் தெரியாம முழுசாத் திருகி விட்டுட்டேன்" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்த வேட்டியைக் காலையில் ஒரு வருஷத் தூசியோடு எடுத்து உதறியவள் அவள்.

"ஏம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போய்க் காபி போடு."

"அதான பாத்தேன். ஐயா காதுக்குத் தப்புமா?" என்றார் வந்தவர். பிறகு தயங்கி, "அப்போ விலையில கொஞ்சம் குறைக்கணுமே ஆச்சி" என்றார்.

"எம்புட்டுக் குறைக்கணுமோ குறைச்சுக்கோங்க. கெடுத்தது நாந்தான்."

பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். அவை இருந்த இடத்தில் தரை மட்டும் இரண்டு சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது. துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன்.