டயாலிசிஸ் கைகளும் என் பதற்றமும்

டயாலிசிஸ் நர்ஸுக்கு யாரைப் பார்த்தாலும் கண் முதலில் கைக்குத்தான் போகும். கிட்னி செயலிழந்தவர்களுக்குக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். விரல் வைத்தால் வண்டு ரீங்காரம்போல அதிரும். அங்கேதான் ஊசி குத்தி ரத்தத்தை மெஷினுக்கு எடுக்கிறோம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவர்களே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

அதிராத கை

ஆரியசாலைச் சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில் அண்ணாச்சியின் கையில் ஒரு காலை விரல் வைத்தேன். அதிர்வே இல்லை. ஸ்டெதஸ்கோப்பிலும் சத்தமில்லை. விசாரித்தால், முந்தின மதியம் கடையில் அந்தக் கையையே தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார். ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது.

டாக்டர் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார். நான் வாசலில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அலைந்தேன். அடைப்பை எடுத்து வெளியே கொண்டுவந்ததும் ஓடிப்போய்த் தொட்டேன், அதிர்ந்தது. அண்ணாச்சி ரகசியமாகச் சொன்னார்: "மக்ளே, தூங்குன காரியத்த மட்டும் வீட்டுல சொல்லாண்டாம், கேட்டியா?"

சில்லிட்ட விரல்கள்

முருகன் கிழக்கேகோட்டை ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எப்போதும் ஊசி குத்தும் கையின் விரல்களைத் துண்டால் மூடியே வருவான். ஒருநாள் துண்டை இழுத்துப் பார்த்தேன். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. உள்ளங்கையில் பெரிய கொப்புளம். பரோட்டாக் கல்லில் பட்டுச் சுட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தம் இணைப்பு வழியே திரும்பிக்கொண்டிருந்தது. விரல் மரத்துப்போனதைச் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான்.

விரல் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் செய்து ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தார்கள். சில நாள் கழித்து டீ கிளாஸைப் பிடித்தவன் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான்: "யக்கா, சுடுது! நல்லா சுடுது!"

விடாத கட்டைவிரல்

வித்துராவிலிருந்து வரும் சரசு அக்கா, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரே இடத்தில் குத்திக் குத்தி ரத்தக்குழாய் நெல்லிக்காய்போலப் புடைத்து, மேல்தோல் மினுமினுத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். "வெடித்தால் கையைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்துங்கள், விடவே கூடாது" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தேன்.

பஸ்ஸில் வரும்போதே வெடித்துவிட்டது. டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிவந்தார். சேலையெல்லாம் ரத்தம். அன்றே ஆபரேஷன் நடந்து அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன், கட்டைவிரலை எடுங்கள் என்று நான் கெஞ்சியபோது முறைத்தார்: "நீயல்லே மோளே, விடவே கூடாதுன்னு சொன்னது?"

மூன்று பேரும் இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறார்களாம். புரண்டுகொண்டு கிடப்பது நான் ஒருத்திதான்.