லீவு இல்லாத தீபாவளி

தீபாவளி வந்தால் திருப்பூரில் மருந்துக்குக்கூட ஆள் இருக்காது. போனஸ் கைக்கு வந்த அன்றே பாதி ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். எங்கள் காம்பவுண்டிலும் அப்படித்தான். வரிசையாக எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கும். நானும் என் மனைவி பிரிசில்லாவும் உள்ளூர்க்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்களுக்குத் தீபாவளியும் கிடையாது, மூட்டை கட்டிக்கொண்டு போக வேறு ஊரும் கிடையாது. நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவேன், ஒரு சவாரியும் கிடைக்காமல் கடுப்போடு திரும்பி வருவேன்.

போன தீபாவளிக்கு எங்களோடு இன்னொரு வீடும் பூட்டாமல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வேல்விழியின் வீடு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். புருஷன் ராஜ்கமல் வேறொரு கம்பெனியில் அயர்ன் போடுகிறவன். மகன் மாதவன் மூன்றாம் வகுப்பு. நடுச்சுவர் கூரை ஓட்டைத் தொடாமல் பாதியில் நிற்பதால், அந்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் எங்கள் வீட்டில் கேட்கும். ஒட்டுக் கேட்கிறோம் என்று யாரும் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வேல்விழிக்கு வாய் கொஞ்சம் நீளம், ரோஷம் அதைவிட நீளம். திருப்பூருக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அடம்பிடித்துப் புருஷனை இழுத்து வந்தவளே அவள்தான். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரிய பை நிறையப் பனியனும் நைட்டியும் வாங்கிக்கொண்டு போவாள். ஒருமுறை யாரோ ஒரு சித்தி மகனுக்குப் பனியன் விட்டுப்போய், "திருப்பூர்ல இருந்துக்கிட்டு ஒரு பனியனுக்கு வக்கில்லையா" என்று ஊரே பேசிவிட்டதாம். இங்கே பனியன் மரத்தில் காய்க்கிறது என்று நினைப்பு போல. நாங்களும் காசு கொடுத்துத்தானய்யா வாங்குகிறோம்.

அந்த வருஷம் அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிவிட்டான் என்று கம்பெனிகளில் ஆர்டர் சுருங்கிப்போயிருந்தது. வேல்விழிக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. வந்த அரைகுறை போனஸும் மாதவன் ஸ்கூலுக்குப் போய்விட்டது. பஸ் சார்ஜ், துணிமணி, பலகாரம், அந்தப் பெரிய பை என்று எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரு பண்டிகைக்குத்தான் ஊருக்குப் போக முடியும். அவள் பொங்கலை எடுத்துக்கொண்டாள்.

காரணம் அவள் அப்பா. ஊரில் மாமியார் வீட்டுக்கு அடுத்த தெருதான் அவள் பிறந்த வீடு. மனுஷன் விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார். அதன் பிறகு மகள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. "தீபாவளிக்குப் போனா மாமியா வீட்டுச் சனத்துக்கு ஆக்கிப்போட்டுட்டு அடுத்த தெருவுக்குக்கூட நகர முடியாது. பொங்கலுக்குப் பொறந்த வீட்டுக்குப் போறதுதானக்கா மொற? அப்பாவ ஒருதடவ கண்ணுல பாத்துட்டு வந்துட்டாப் போதும். அதுக்குத்தான் இந்தத் தீபாவளிய முழுங்குறேன்" என்று பிரிசில்லாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

முழுங்குவதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் பொய். மாமியார் ஒச்சாயிக்குப் போன் போட்டு, "அவசர ஆர்டரு அத்த. தீபாவளி அன்னைக்கும் கம்பெனி ஓடுது. லீவே கெடயாதுன்னுட்டாங்க" என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், புரையேறிவிட்டது. தீபாவளி அன்றைக்கு ஓடுகிற பனியன் கம்பெனி திருப்பூரில் எங்கே இருக்கிறது?

ஒச்சாயி நம்பிவிட்டார். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "அதுக்கென்னத்தா, நீங்க வராட்டி நான் அங்கன வாரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு அந்த அம்மா வந்து இறங்கினார். வேல்விழி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஏம்மா, கடைசி நேரத்துல லீவு உட்டுட்டாங்கன்னு சொல்லிப்போட வேண்டியதுதானே?" என்று கிசுகிசுத்தேன்.

"எங்கண்ணே சொல்ல? அப்பிடியா, ஒரு வாரம் லீவாச்சே, கெளம்பு ஊருக்குன்னு கையோட கூட்டிட்டுப் போயிருவாக. வெறுங்கையோட போக முடியுமா? இப்பப் போயிட்டா பொங்கலுக்கு எதக்கொண்டு போறது? எங்கப்பாவ எப்பப் பாக்குறது?"

அவள் கணக்கில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல். ஒரு பண்டிகையில் இருந்து தப்பிக்க மனுஷர்கள் இவ்வளவு பாடுபட வேண்டுமா?

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, போன வருஷச் சேலையைக் கட்டி, கழுத்தில் கம்பெனி ஐடி கார்டை மாட்டி, டிபன் பாக்ஸோடு வேல்விழி வேலைக்குக் கிளம்பினாள். மாதவன் வாசல் வரை சேலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குமாம்மா?" என்று சிணுங்கினான். கையை விடுவித்துக்கொண்டு தெருமுனை வரை போனாள். பின்சந்து வழியாகச் சுற்றி எங்கள் சமையல்கட்டுக் கதவைத் தட்டினாள். சாயங்காலம் வேலை முடிகிற நேரம் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒளிந்திருப்பது என்று ஏற்பாடு.

ஒளிந்திருப்பது என்றால் லேசில்லை. பேசக் கூடாது, இருமக் கூடாது, போன் அடிக்கக் கூடாது. சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மாதவன் கம்பி மத்தாப்பு கொளுத்துகிறான், "ஆத்தா, அம்மா எப்ப வரும்?" என்று பாட்டியை நச்சரிக்கிறான். இவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். தன் வீட்டுப் பண்டிகையைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிற கொடுமையை யாருக்கும் கடவுள் கொடுக்கக் கூடாது. ராஜ்கமலோ பாயில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான் போல, சினிமாப் பாட்டுச் சத்தம் கேட்டது. நல்ல புருஷன்.

மதியம் ஆகிற நேரத்தில் கோழிக்குழம்பு வாசம் ஓட்டுக்கு மேலாக எங்கள் வீட்டுக்கும் வந்தது. கூடவே ஒச்சாயியின் குரல்.

"நல்ல நாளும் அதுவுமா எம் மருமக ஆறிப்போன சோத்தத் திங்கவா? கம்பெனி எங்கன இருக்கு? நான் போயிக் குடுத்துட்டு வாரேன்."

"தூரம்மா. உள்ளல்லாம் விட மாட்டாங்க" என்று ராஜ்கமல் இழுத்தான்.

"நான் என்ன உள்ள போயித் தைக்கவா போறேன்? கேட்டுல குடுத்துட்டு வரப்போறேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ வச்சிருக்காகள்ல?"

வேல்விழி முகத்தில் ரத்தமே இல்லை. வாசல் கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் பிரிசில்லா ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க கொஞ்சம் சுத்திக் கூட்டிட்டு வாங்க. நாங்க முன்னால போயிர்றோம்" என்று என் காதில் சொல்லிவிட்டு, அவளைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

நான் சட்டை மாற்றினேன், தண்ணீர் குடித்தேன், ஆட்டோவுக்குச் சுற்றிச்சுற்றிக் காற்றுப் பார்த்தேன். நேராகப் போனால் பக்கத்திலேயே இருக்கிற கம்பெனிக்கு, எங்கள் திருப்பூர் ராயபுரம் வரை போய்ச் சுற்றினேன். ஒச்சாயி சோறும் குழம்பும் இருந்த தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மூடிக்கிடக்கிற ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது உளறிச் சமாளித்திருப்பேன். பேசாமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி வாசலில் பிரிசில்லாவும் இல்லை, ஸ்கூட்டியும் இல்லை. ஹாரன் அடித்ததும் பெரிய கேட்டில் இருக்கிற சின்னக் கதவு திறந்தது. வேல்விழி உள்ளே இருந்து வந்தாள். வாட்ச்மேன் ஒடிசாக்காரர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே நுழைந்தாள் என்று பிரிசில்லா பிறகு சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அவளை உள்ளே விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீகளா அத்த? எதுக்கு இம்புட்டு சிரமம்?" என்று வேல்விழி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. நான் ஆட்டோவைத் துடைக்கிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"உக்காரு. என் கண்ணு முன்னால சாப்புடு" என்றார் ஒச்சாயி. இரண்டு பேரும் கேட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, ஈரலையும் தொடைக்கறியையும் தேடி எடுத்து வைத்தார். வேல்விழி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"ஏத்தா, இத்தன பேரு வேல பாக்குற எடத்துல ஒரு டீக்கடைகூடவா தெறக்க மாட்டான்?"

வேல்விழி வாயில் போட்டதை மென்றுகொண்டே இருந்தாள்.

"மிசினு சத்தத்தையும் காணோம்."

"சாப்பாட்டு நேரம் அத்த."

"சரி" என்றார் ஒச்சாயி. இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார். "நான் உன்னைய ஒன்னும் கேக்கலத்தா. எனக்கும் இதான் தோதாப் போச்சு. நீங்க ஊருக்கு வந்திருந்தா நான் என்னத்தச் செஞ்சிருப்பேன்? மகன் வந்துட்டான்னு பங்காளி வீடு பூரா வந்து உக்காருவாக. கெடா வெட்டணும். இருந்த குட்டிகள ஆடியிலயே வித்துத் தின்னாச்சு. கமலுகிட்டச் சொல்லல, நீயும் சொல்லாத. இங்கிட்டு வந்ததால ஒத்தக் கோழியோட தீபாவளி முடிஞ்சுபோச்சு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாடா, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பாடு, இனி ஒளிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஒச்சாயி மேலே சொன்னார்.

"தைப்பொங்கலுக்கும் லீவு இல்லன்னே சொல்லிப்புடு. ஊருக்குள்ள நான் சொல்லிக்கிறேன். உன்னைய ஒருத்தரும் குத்தம் சொல்லாமப் பாத்துக்கிறேன்."

வேல்விழியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடுவாள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சொல்லு கண்ணு, சொல்லித் தொலை என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வாள்? அவள் அந்த ஊரில் கால் வைத்தால், விற்றுப்போன கிடாவுக்கு இந்தக் கிழவி எங்கே போவார்? மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டு வர முடியுமா? ஒச்சாயி திட்டியிருந்தாலாவது பதிலுக்கு வாயாடியிருப்பாள். இந்தப் பிரியத்துக்கு எதிராக அவளால் ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை.

"சரி அத்த" என்றாள்.

"வேல முடியிற நேரத்துக்கே வீட்டுக்கு வா. மாதவன் பயலுக்குத் தெரிஞ்சா ஊருல வந்து ஒளறிப்புடுவான்."

அதற்கும் தலையாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு சின்னக் கதவு வழியாக உள்ளே போனாள். வாட்ச்மேன் தாழ்ப்பாள் போட்டார்.

திரும்பும்போது நான் நேர்வழியிலேயே வந்தேன். இனி யாரை ஏமாற்றச் சுற்ற வேண்டும்? பாதி தூரம் வந்திருப்போம். கண்ணாடியில் பார்த்தேன், ஒச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவ அப்பன் படுக்கையில கெடக்கான். தையிலயாச்சும் எம் மக வருவாளான்னு போற வார ஆளுககிட்டல்லாம் கேட்டுவிடுறான். நான் ஊருக்குப் போனதும் மொத வேலையா அந்தாளுக்குப் பதில் சொல்லணும். என்னத்தச் சொல்லட்டும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஆட்டோவை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருப்பேன். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"கம்பெனியில ஆர்டர் ரொம்ப ஜாஸ்தி, லீவே இல்லைன்னு சொல்லிப்போடுங்கம்மா" என்றேன்.