குடம் காரிலேயே இருக்கட்டும்

செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வீடு என்று சொன்னால், கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். அந்த ஏரிக்குள்ளேயே பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிய வருஷத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? 2000களின் தொடக்கம் அது. மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. கிணறு வறண்டது. போர் போட்டோம், டீ நிறத்தில் உப்புத் தண்ணீர் வந்தது. தெருமுனைச் சர்ச்சில் மழைக்கு ஜெபம் நடந்தது, எதிரே கோயிலில் யாகம் நடந்தது. மேகம் இரண்டு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். பிடித்து வைத்த தண்ணீருக்கு அம்மாதான் கலெக்டர். யார் குளித்தாலும் கதவுக்கு வெளியே நின்று மக் சத்தத்தைக் காதாலேயே அளப்பாள். திடீரென்று "போதும்!" என்று ஒரு குரல் வரும். தலையில் நுரை இருந்தாலும் போதும்தான்.

"ஒரே ஒரு மக் தண்ணிடி, முதுகு அப்படியே இருக்கு" என்று அப்பா உள்ளேயிருந்து கெஞ்சுவார்.

"முதுக யாரு பாக்கப் போறா? போதும்! ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்."

"ஆறு எங்கம்மா இருக்கு?" என்பான் தம்பி. அதற்கு ஒரு கொட்டு விழும்.

அம்மா கடைசியாகக் குளிப்பாள். வாளியில் மிஞ்சியது எதுவோ அதுதான் அவளுக்கு. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கல்யாண ஆல்பத்தில் முகத்தைவிட ஜடைக்குத்தான் அதிகப் படம். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. அரை வாளியில் எண்ணெயும் சீயக்காயும் போகுமா? மாசக்கணக்கில் எண்ணெய்க் குளியலே இல்லை. சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி ஜன்னலோரம் வைப்பாள்.

"அளக்காம தண்ணி ஊத்தி ஒரு தடவ தலைக்குக் குளிக்கணும்டி" என்பாள் என்னிடம். "இல்லன்னா ஒழியுதுன்னு வெட்டிட்டு வந்துடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கேம்ப் ரோட்டில் பார்லர் வைத்திருந்த அக்காவிடம் போய், வருகிற திங்கட்கிழமை வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டே வந்துவிட்டாள். "வெட்டேன், யாரு வேணாம்னா?" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சோறு பாதி தட்டிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில் வேலை. கம்பெனி மீட்டிங்குக்காக மெட்ராஸ் வந்தவரைக் கடற்கரையோரம் ஒரு நட்சத்திர ஹோட்டலில் தங்க வைத்திருந்தார்கள். பக்கத்து அறையை எங்களுக்காகக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை வந்து ஒரு நாள் தங்கிப் போங்கள் என்றார்.

அப்பா முறுக்கிக்கொண்டார். "மச்சினன் செலவுல போய் நாம தங்கறதா?"

"கம்பெனி செலவு அத்தான்."

"ஓ, கம்பெனியா? அப்ப சரி."

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அங்க தண்ணி வருமாடா?"

மாமா சிரித்தார். "அக்கா, அங்க தண்ணி நிக்கவே நிக்காது."

சிரித்திருக்கக் கூடாது. அம்மா அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் திரைகள், போர்வைகள், தலையணை உறைகள், தம்பியின் கிரிக்கெட் சட்டைகள், வாசல் மிதியடி, ஜமக்காளம். எதிர்வீட்டு அக்கா எப்படியோ மோப்பம் பிடித்துத் தன் பங்குக்கு இரண்டு பெட்ஷீட் கொடுத்தனுப்பினாள். நான் புது சுடிதார் வைக்க இடம் கேட்டேன். "அது அழுக்கா இருக்கா? இல்லைல்ல? அப்ப எதுக்கு?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நட்சத்திர ஹோட்டலுக்கு அழுக்குத் துணியோடு போகிற குடும்பம் உலகத்தில் எங்காவது உண்டா?

மாமா அனுப்பிய காரில் சாமான்களை ஏற்றும்போதுதான் அப்பா டிக்கிக்குள் பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடங்கள்.

"இது என்ன?"

"குடம்."

"குடம்னு தெரியுது. எதுக்கு?"

"வரும்போது பிடிச்சிட்டு வந்துடலாம்ங்க. சும்மாதானே வரோம்."

தெருவே பார்க்க அப்பா கத்தினார். துணியைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நுழைந்தால், அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடுவாராம். "மச்சினன் முன்னாடி என் மானத்த வாங்காத. குடம் காரிலேயே இருக்கட்டும்." அம்மா அதற்கு ஒப்புக்கொண்டாள். குடங்களும் எங்களோடு கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைக்குப் பிரயாணம் செய்தன.

ஹோட்டல் வாசலில் பெரிய மீசையும் தலைப்பாகையுமாக நின்றவர் சல்யூட் வைத்தார். அப்பா பதறிப்போய்த் திருப்பி ஒரு சல்யூட் வைத்தார். மூட்டையைத் தூக்கிய பணியாள் கொஞ்சம் தள்ளாடி, "சார், உள்ள என்ன சார்?" என்றார். "பெர்சனல் ஐட்டம்ஸ்" என்றார் அப்பா, கூரையைப் பார்த்துக்கொண்டு. கூடத்தின் நடுவில் பளிங்குத் தொட்டிக்குள் நீரூற்று ஒன்று கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா நேராக ரிசப்ஷன் பெண்ணிடம் போய், "ஏம்மா, அந்தக் குழாய் திறந்தே கிடக்கு பாரு" என்றாள்.

அறை கண்ணைப் பறித்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கடல், கைக்கெட்டும் தூரத்தில். நானும் தம்பியும் பால்கனிக்கு ஓடி, "அம்மா, இங்க வாயேன்!" என்று கத்தினோம்.

"உப்புத் தண்ணிதானே? அதான் நம்ம போர்லயே வருதே" என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

போய்ப் பார்த்தால், வெள்ளைத் தொட்டியின் முன்னால் நிற்கிறாள். குழாயைத் திறந்திருக்கிறாள். புஸ் புஸ்ஸென்று காற்று வரவில்லை, டீ நிறம் வரவில்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். கையை நீட்டிக் கொஞ்சம் குடித்துப் பார்த்தாள். "இனிக்குதுடி" என்றாள். நாங்கள் மூவரும் அவளைத்தான் முதலில் குளிக்கச் சொன்னோம். கேட்டால்தானே? "முதல்ல துணி. அப்புறம் நீங்க. கடைசில நான்." நட்சத்திர ஹோட்டலிலும் எங்கள் வீட்டுச் சட்டம்தான்.

தொட்டியில் துணிகள் ஊறின. துவைக்கக் கல் இல்லை. பளிங்குத் தரை இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஜமக்காளத்தை ஓங்கி அடித்தாள். தொம், தொம் என்று அறையே அதிர்ந்தது. சற்று நேரத்தில் போன் அடித்தது. அப்பா எடுத்தார்.

"எஸ். நோ, நோ, எவ்ரிதிங் ஆல்ரைட்." தொம். "ஃபேமிலி இஸ் டேக்கிங் ரெஸ்ட்." தொம். "யெஸ், ஃபுல் ரெஸ்ட்."

அப்புறம் அறையைச் சுத்தம் செய்கிற அக்கா கதவைத் தட்டினாள். கோவளம் குப்பத்தில் வீடு என்று பிறகு சொன்னாள். உள்ளே ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, வூட்டையே தூக்கினு வந்துட்டியா?"

"தண்ணி இல்லம்மா எங்க பக்கம்" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது. எனக்கு வெட்கத்தில் தரையைப் பிளந்துகொண்டு போகலாம் போலிருந்தது.

"எங்க பக்கம் மட்டும் கொட்டினு கீதா? அதே பேஜாருதான்." அவள் பால்கனியை எட்டிப் பார்த்தாள். தம்பி அங்கே திரைச்சீலையை விரித்துக்கொண்டிருந்தான். "அய்ய, அங்க போடாத! சூப்பர்வைசர் பாத்தா எனுக்குத்தான் திட்டு. உள்ளயே கட்டு, ஏசிய ஃபுல்லா வுடு." போகும்போது இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கூடுதலாக மேஜையில் வைத்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் அம்மா அவற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அலமாரிக் கைப்பிடி, விளக்கு, திரைக் கம்பி, டிவி என்று எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் துணி. ஏசியை அலறவிட்டோம். பற்கள் கிடுகிடுக்க ஆளுக்கொரு துவாலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. மாமா. கூடவே நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர், மாமாவின் மேனேஜர். குடும்பத்தை அறிமுகம் செய்துவைக்கக் கூட்டிவந்திருக்கிறார், பாவம்.

மேனேஜர் எதிர்வீட்டு அக்காவின் பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தார். ஜமக்காளத்துக்குப் பின்னாலிருந்து, தலையில் துவாலைக் கட்டோடு அப்பா வெளிப்பட்டு, "வெல்கம், வெல்கம்" என்றார். மாமாவின் முகம் வெளுத்தது. மேனேஜர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். புது இடத்துக்கு வந்தால் வீட்டுத் துணியெல்லாம் துவைப்பது எங்கள் பரம்பரை வழக்கம் என்று மாமா கூசாமல் ஆங்கிலத்தில் அளந்தார். அந்த மனிதர் பக்தியோடு கைகூப்பினார். அப்போது அவருக்கு நேர் எதிரே இருந்தது எங்கள் வாசல் மிதியடி.

மறுநாள் காலை துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து மூட்டைக்குள் போயிற்று. தம்பி குளித்தான், நான் குளித்தேன், அப்பா குளித்தார். அப்பா குளிக்கும்போது அம்மா பழக்க தோஷத்தில் கதவோரம் நின்று, "போதும்!" என்றாள்.

"அடியே, இங்க எதுக்குடி?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"வாய் தானா வருதுங்க" என்று அவளே சிரித்தாள்.

கடைசியாக அம்மா தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு சீயக்காய்ப் பொட்டலத்தோடு உள்ளே போனாள். தொட்டி நிறைகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்து கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் போடவில்லை.

நைட்டியோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் அசையாமல் நின்றது.

"என்னம்மா?"

"கை போக மாட்டேங்குதுடி." அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோத்தையும் என் ஒருத்தி தலையில ஊத்திட்டு, நாளைக்குக் காலி வாளியோட தெருவுல நிக்கணுமேன்னு தோணுது. மனசு வரல. எண்ணெயத் துடைச்சிக்கறேன், விடு. நாளைக்கு வெட்டத்தானே போறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. அவளைத் திட்டப் போனேன். பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதற்கப்புறம் கீழே நடந்ததை மாமா வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மாமாவும் மேனேஜரும் ரிசப்ஷனில் நின்றிருந்தார்களாம். பெரிய மீசைக்காரர் கதவைத் திறக்க, கைக்கொன்றாக ஆரஞ்சுக் குடங்களோடு அப்பா உள்ளே வந்தாராம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்களாம். மேனேஜர் கைகூப்பியிருக்கிறார். அப்பா நின்று, இரண்டு குடத்தையும் மார்புக்கு நேரே சேர்த்துத் தூக்கிப் பதில் வணக்கம் வைத்துவிட்டு லிஃப்டுக்குள் போனாராம்.

அறைக்கு வந்தவர் நேராகக் குளியலறைக்குள் போய்க் குடங்களைத் தொட்டியில் அமுக்கினார். களக் களக்கென்று இரண்டும் நிறைந்தன. தூக்கி ஓரமாக வைத்தார்.

"இந்தா, இது வீட்டுக்கு. எடுத்து வச்சாச்சு. நாளைக்கு நீ யார் முன்னாடியும் காலி வாளியோட நிக்க வேணாம். மீதி எல்லாம் உன் தலைக்கு. குனி."

"ஐயோ, புள்ளைங்க பாக்குதுங்க..."

"பாக்கட்டும். குனிடி."

அந்தக் குளியலறையில் மக் கிடையாது. மேஜை மேல் ஐஸ் போட்டு வைக்கிற சின்ன வெள்ளி நிற வாளி இருந்தது. அப்பா அதை எடுத்துவரச் சொன்னார். தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான். கதவு பாதி மூடிக்கொண்டது. முதல் வாளி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. சீயக்காய் வாசனை அறைக்குள் வந்தது. நானும் தம்பியும் மூட்டைமேல் உட்கார்ந்து, அந்த ஒரு சொல் எப்போது வரும் என்று காத்திருந்தோம். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அம்மா வாயே திறக்கவில்லை. அப்பாதான் மூச்சு வாங்கினார்.

வாசல் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டு மாமா வந்தார். ரிசப்ஷனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்களாம். "அக்கா! ரூமக் காலி பண்ணணும்கா! குளிச்சது போதும், வா!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நின்றது.

"எவன்டா அவன், போதும்னு சொல்றது?" என்றாள் அம்மா. "நீங்க ஊத்துங்க."