முனுசாமி நிரப்பிய படிவங்கள்

போர்வெல்கள் வற்றி, பெங்களூரே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய வருடத்தில்தான் எங்கள் மூன்று பேருக்கும் அந்த ஊசி தொடங்கியது. ஆடுகோடி லேத் பட்டறை முனுசாமி, சந்தாபுரா பாப்பம்மா, நான். போன வெள்ளிக்கிழமை முனுசாமியின் மகள் போனில், "அப்பா போயிட்டாரு பெரியப்பா" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவனைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எங்களுக்கு முடக்குவாதம். உடம்பே தன் மூட்டுகளைத் தின்னும் நோய். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து டிரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டும். அதைத்தான் ஊசி என்போம். மூன்றாம் தடவைக்குப் பிறகு முனுசாமி ஒரு போல்ட்டில் நட்டை விரலாலேயே திருகிக் காட்டினான். "பாரு பெருசு, என் கை திரும்பி வந்துடுச்சு!" வாட்ச்மேனைக்கூட விடவில்லை, அவருக்கும் திருகிக் காட்டினான்.

அந்த மருந்து உடம்பின் காவலையும் தளர்த்தும், உள்ளே தூங்கும் காசநோய் எழுந்துகொள்ளும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எடை குறைந்ததா? எனக்கும் பாப்பம்மாவுக்கும் படிக்கத் தெரியாததால் மூன்றையும் முனுசாமியே நிரப்புவான். எங்களைக் கேட்கவே மாட்டான். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

"கேட்டுட்டுப் போடுய்யா" என்பேன்.

"இருமல்னு போட்டா இன்னிக்கு ஊசி கட். கை மறுபடி மடங்கிக்கும். நீ வந்து என் லேத்த ஓட்டுவியா?"

கடைசி இரண்டு தடவையும் அவன் இருமினான். சட்டை தொளதொளத்தது. சிஸ்டர் கேட்டதற்கு, "ஏனு இல்லா, ஒண்ணுமில்ல சிஸ்டர், பட்டறைத் தூசு" என்று சிரித்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனைக் கிளறினால் என் படிவத்தையும் கிளறுவார்களே என்று பயம். காசநோய் என்று தெரிந்தபோது நுரையீரல் இரண்டும் கெட்டிருந்தன. சொல்லியிருந்தால் சில மாதம் மாத்திரை, ஊசியை அப்புறம் பார்த்திருக்கலாம். மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைந்தவனுக்கு இது புரியவில்லை. என்ன மனுஷன்!

நேற்று ஊசிக்குப் போனோம். சிஸ்டரே எங்கள் இருவர் படிவத்தையும் வாசித்துக் கேட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் இருமிக்கொண்டு வந்த பாப்பம்மா, "எல்லாத்துக்கும் இல்லன்னே சொல்லிடுண்ணா" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"சிஸ்டர், இவளுக்கு இருமல் இருக்கு!" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

ஊசி போடாமல் அவளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்கள். "நீயெல்லாம் ஒரு மனுஷனா? இனிமே எங்கூடப் பேசாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசாவிட்டால் போகட்டும். முனுசாமி எனக்கு விட்டுப்போனது அந்தக் கத்தல்தான். என்னோடு ஊசி தொடங்கியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது பாப்பம்மா ஒருத்திதான்.